இன்னாருக்கு மட்டும் வாடகைக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வாடகை வீட்டுக்கான அட்வான்ஸ் தொகை பற்றி எழுதிய பதிலை ஒட்டி வந்த கடிதங்களில் பல, பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வாடகை விளம்பரத்தில் 'இன்னாருக்கு மட்டும்' என்று எழுதலாமா என்றே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே.

கேள்வி: நான் சென்னையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன், சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் ஆறு வாரமாக ஒற்றைப் படுக்கையறை வீடு தேடி அலைகிறேன். இணைய விளம்பரங்களிலும், மரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்ட 'டு லெட்' அட்டைகளிலும், 'சைவம் மட்டும்', 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்றே பார்க்கிறேன். ஓர் அட்டையில் சாதிப் பெயரே எழுதியிருந்தது. தொலைபேசியில் அழைத்தால் வாடகையைச் சொல்வதற்கு முன்பே பெயரைக் கேட்கிறார்கள். சொன்னதும் 'நேற்றே பேசி முடித்துவிட்டோம்' என்கிறார்கள். இப்படி விளம்பரம் செய்வதைச் சட்டம் அனுமதிக்கிறதா? அனுமதிக்கத்தான் வேண்டுமா?
— செவிலியர் ஒருவர், சென்னை

பதில்: இன்றைய நிலையில் சட்டம் இதைப் பெரும்பாலும் தடுக்கவில்லை என்பதே முதல் கேள்விக்கான பதில், அம்மா. பிறப்பால் வந்த அடையாளத்தைச் சொல்லி ஒருவரை விலக்கும் விளம்பரத்தை அனுமதிக்கவே கூடாது என்பது இரண்டாவது கேள்விக்கு என் பதில்.

அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு வேற்றுமை பாராட்டுவதைத் தடை செய்கிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஆனால் அதன் முதல் உட்பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனி மனிதர்களையும் கட்டுப்படுத்தும் இரண்டாவது உட்பிரிவு கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் என்று இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்நாளில் மனிதர்கள் எங்கெங்கே தடுத்து நிறுத்தப்பட்டார்களோ அந்த இடங்களின் பட்டியல் அது. வாடகை வீடு அதில் இடம்பெறவில்லை. தனியார் கல்வி நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில், 2011-இல், உச்ச நீதிமன்றம் 'கடை' என்னும் சொல்லுக்கு மிக விரிவான பொருள் தந்தது உண்மை. ஆயினும் அந்த விரிவு வாடகை வீட்டின் கதவு வரை வந்து சேரவில்லை. அதற்கு முன்பே, 2005-இல், அகமதாபாத்திலுள்ள பார்சி சமூகத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று வைத்திருந்த விதியை அதே நீதிமன்றம் செல்லும் என்று கூறியிருந்தது.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டம், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. அத்தனையும் வீடு கிடைத்த பிறகு வரும் பாதுகாப்பு. வீடு கிடைக்காமலே திரும்புகிறவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், வீட்டை வாடகைக்குப் பெறும் உரிமையை மறுப்பது கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. அவ்விரு சட்டங்களில் எழுத முடிந்த அந்த வரியை எல்லோருக்குமான சட்டமாக எழுத என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுவசதியையும் உள்ளடக்கிய பாகுபாட்டு எதிர்ப்பு மசோதா ஒன்றைச் சசி தரூர் மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

வீட்டுக்காரர் யாரை ஏற்கிறார் என்பது ஒன்று, யாரை ஏற்கமாட்டேன் என்று ஊருக்கு அறிவிப்பது வேறொன்று என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். மரத்தில் தொங்கும் அட்டையை வீடு தேடுகிறவர் மட்டுமா படிக்கிறார்? பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக நடந்து வரும் குழந்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. அதில் குறிப்பிடப்பட்ட பட்டியலில் தன் வீட்டார் இல்லை என்பதைத் தெரிந்துகொள்கிறது. அடுத்த தெருவில் முதன்முறையாக மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடப்போகிறவரும் படிக்கிறார். அவருக்கு அப்படி ஒரு நிபந்தனை மனத்திலேயே இருந்திராது, ஆனால் எல்லோரும் எழுதுகிறார்களே என்று அவரும் எழுதுகிறார். தரகரும் அதையே அந்தப் பகுதியின் வழக்கம் என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார். ஒருவருடைய சொந்த விருப்பம் அட்டையில் ஏறியதும் தெருவின் விதியாகிவிடுகிறது என்பதால்தான் விளம்பரத்தைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. வழிப்போக்கருக்காகத் திண்ணை வைத்துக் கட்டியவர்கள் நாம் என்று பெருமை பேசுகிறோம். அந்தத் திண்ணையிலும் எல்லோராலும் உட்கார முடிந்ததில்லை என்பதை மறந்துவிட்டுத்தான் பேசுகிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 71. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டில் ஓர் அறையை மாணவிகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். சமையலறை எல்லோருக்கும் பொது. மேல்மாடியில் தனி வாசலுடன் ஒரு போர்ஷனும் இருக்கிறது. எங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. 'சைவம் மட்டும்' என்று நான் எழுதுவதும் பாகுபாடுதானா? என் வீட்டில் யார் இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?
— ஆசிரியை ஒருவர், ஸ்ரீரங்கம்

பதில்: நீங்கள் கேட்டிருப்பது நேர்மையான கேள்வி, அம்மா. இந்த விவாதத்தின் மிகக் கடினமான பகுதியும் இதுதான். தங்கள் அடுப்பையும் பாத்திரத்தையும் ஒருவரோடு பகிர்ந்துகொள்கிறவர்களுக்கும், பத்துக் குடித்தனம் உள்ள கட்டடத்தை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பவருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நியாயமாகாது.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. அச்சட்டம், நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால், யாரை வைத்துக்கொள்வது என்னும் தேர்வில் அவருக்கு விலக்கு அளித்தது; வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் எளிய மூதாட்டி ஒருவரைக் கற்பனையாக வைத்து, அந்த விலக்கை 'மிஸஸ் மர்ஃபி' விலக்கு என்றே அங்கு அழைக்கிறார்கள். ஆனால் அந்த மர்ஃபி அம்மாளுக்கும் தம் இன, மத விருப்பத்தை விளம்பரத்தில் எழுத உரிமை இல்லை. விலக்கு தேர்வுக்கு மட்டும்தான், அறிவிப்புக்கு இல்லை. நிற வேற்றுமையால் மறுப்பதை 1866-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்று தனியே தடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனிலும் ஏறத்தாழ இதே வேறுபாடு உண்டு: அங்கு 1965-இல் வந்த முதல் இன உறவுச் சட்டம் வீட்டு வாடகையைத் தொடாமல் விட்டது; கறுப்பர்கள் வேண்டாம், ஐரிஷ்காரர்கள் வேண்டாம் என்ற அட்டைகள் சன்னல்களில் தொங்கிய காலம் அது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வீட்டையும் விளம்பரத்தையும் சேர்த்துக்கொண்டது. இப்போதுள்ள 2010-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளர் தம் இருப்பிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் சிறிய வீடுகளுக்குச் சில விலக்குகளைத் தந்தாலும், இனத்தைக் காரணம் காட்ட மட்டும் எந்த விலக்கும் தரவில்லை.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பின்கட்டு அறைக்கு, 'சமையலறை பொது. அதில் மீன், இறைச்சி, முட்டை சமைப்பதில்லை' என்று எழுதுங்கள். 'சைவம் மட்டும்' என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். மூலைக்கு மூலை கேட்கப்படும் 'நீங்க எந்த ஆளுங்க?' என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவர்கள், அதற்குப் பதிலாகத்தான் நம் ஊரில் 'சைவம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் அந்தப் பொருளில் எழுதாவிட்டாலும், படிக்கிறவர் அந்தப் பொருளில்தான் படிப்பார். மேலும் அந்தச் சொல் ஆளைப் பற்றியது. நான் சொல்லும் வாக்கியம் அடுப்பைப் பற்றியது. திருச்சிக்குப் படிக்க வந்த ஒரு முஸ்லிம் மாணவி, வீட்டில் சைவமாகவே சமைத்துக்கொள்கிறேன், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிரியாணி சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று மனமார ஒப்புக்கொள்ள முடியும். உங்கள் வாக்கியம் அவருக்கு ஒரு நிபந்தனையைச் சொல்கிறது; ஏற்பதும் விடுவதும் அவர் கையில் இருக்கிறது. 'சைவம் மட்டும்' என்ற சொல்லைப் படித்தால் அவர் உங்களை அழைக்கவே மாட்டார். நல்ல பெண்ணொருத்தியை நீங்களும் இழப்பீர்கள்.

மேல்மாடிப் போர்ஷன் வேறு. தனி வாசல், தனி அடுப்பு, தனி மின் மீட்டர் உள்ள வீட்டில் குடியிருக்கிறவர் தம் தட்டில் எதை வைத்துச் சாப்பிடுகிறார் என்பது வாடகை வாங்குகிறவரின் கேள்வியாக இருக்கக் கூடாது என்றே நான் எண்ணுகிறேன். வாசனை கீழே வருகிறது என்றால் அடுப்பின் மேல் புகைபோக்கி வைப்பதைப் பற்றிப் பேசலாம். கழிவைக் கட்டிப் போடுவதைப் பற்றி அக்ரிமெண்டிலேயே எழுதலாம். உங்களுக்கு இது முழுவதும் ஒப்புதலாக இராது என்பது தெரியும். உங்கள் ஆசாரத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. அதன் எல்லை உங்கள் சமையலறையோடு முடிய வேண்டும் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: 'பேச்சிலர்களுக்கு இல்லை' என்பதையும் தடை செய்வார்களா? அப்படியானால் 'பெண்களுக்கு மட்டும்' என்ற விடுதிகளின் கதி என்ன?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: பெண்களுக்கான விடுதியோ, ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ள ஒரு பெண் இன்னொரு பெண்ணைத் தேடி எழுதும் விளம்பரமோ பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் சார்ந்தவை, அவற்றைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு அரசே பணிபுரியும் பெண்களுக்கென்று 'தோழி' விடுதிகளை நடத்துகிறது. மணமாகாதவர் என்பது பிறப்பால் வந்த அடையாளம் இல்லையாகையால் சாதியோடும் மதத்தோடும் அதை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆயினும் வீட்டுக்காரர் அஞ்சுவது இரவுச் சத்தத்தையும் ஆறு பேர் வந்து தங்குவதையும்தான் என்றால், 'மூவருக்கு மேல் தங்கக் கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது' என்று எழுதுவதே சரி. அந்த விதி, ஒன்பது பேர் உள்ள சத்தமான குடும்பத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். தனியாக வாழும் விதவைப் பெண்களும் மணவிலக்குப் பெற்ற பெண்களும் 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்ற சொற்களால் திருப்பி அனுப்பப்படுவது உங்கள் வயதில் கண்ணில் பட்டிராது. எனக்கு வந்த கடிதங்களில் அத்தகையவை மூன்று.

கேள்வி: சிங்கப்பூரில் ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இங்கே அறை வாடகை விளம்பரங்களில் 'இந்தியர்கள் வேண்டாம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், சமையல் வாசனை என்கிறார்கள். ஊரில் நாங்கள் செய்வதைத்தான் இங்கே எங்களுக்குச் செய்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னது மனத்தை உறுத்துகிறது.
— பொறியாளர், சிங்கப்பூர்

பதில்: உங்கள் நண்பர் சொன்னது கசப்பானது, ஆனாலும் சரியானது. மயிலாப்பூரில் மீன் வாசனையைக் காரணம் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்பியவரின் மகன், சிங்கப்பூரின் அங்மோகியோவில் தாளிப்பு வாசனையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்படலாம். இரண்டு இடத்திலும் மூக்கைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு, தீர்ப்பை வேறு எதையோ வைத்து எழுதுகிறார்கள். அங்குள்ள விளம்பரங்களிலேயே 'லேசான சமையல் மட்டும்' என்ற வரியையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அது யாருக்கும் பொருந்தும் நிபந்தனை. இந்தியர் வேண்டாம் என்பது நிபந்தனையே இல்லை, எதைச் செய்தும் உங்களால் அதை நிறைவேற்ற முடியாது.

அந்நாட்டைப் பற்றி இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் ஓரினத்தவர் மட்டும் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பதற்காக 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது. வீட்டை வாங்கும்போது ஒவ்வொரு கட்டடத்துக்கும் இன விகிதம் பார்க்கப்படுகிறது. நம் தமிழ்நாட்டில் 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரத் திட்டத்திலும், நூறு வீடுகளில் நாற்பது ஆதிதிராவிடர்களுக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்துப் பிறருக்கு என்று சாதி குறிப்பிட்டே வீடுகள் ஒதுக்கப்பட்டன. அடையாளத்தைக் கேட்பதே எப்போதும் குற்றம் என்று நான் வாதிடவில்லை என்பதற்காகத்தான் இவற்றைக் குறிப்பிடுகிறேன். பக்கத்து வீட்டில் வாழவைப்பதற்காகக் கேட்பதும், பக்கத்தில் வராமல் தடுப்பதற்காகக் கேட்பதும் ஒன்றாகிவிடாது. ஒரு குடும்பம் வீடு வாங்கும்போது இவ்வளவு அக்கறை காட்டும் அரசு, ஓர் அறையை வாடகைக்குத் தேடும் தனி மனிதருக்கும் அதே அக்கறையைக் காட்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அங்கு 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாகுபாட்டுத் தடுப்புச் சட்டம் வேலையிடத்துக்கு உரியது, வாடகைக்கு உரியதன்று.

கேள்வி: நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். தடை வேண்டும் என்று நீங்கள் எளிதாகச் சொல்லிவிடுவீர்கள். விளம்பரத்தில் எழுதாவிட்டால் அவர்கள் மனம் மாறிவிடுமா? எழுதியிருந்தால், அங்கே போக வேண்டாம் என்றாவது தெரிந்துகொள்வேன். எழுதாததால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிப் போய், வாசலில் நின்று, 'சொந்த ஊர் எது, எந்தத் தெரு' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி, திரும்பி வந்திருக்கிறேன். அட்டையில் இருக்கும் அவமானம் முகத்துக்கு நேரே கிடைக்கும் அவமானத்தைவிடச் சிறியது.
— தனியார் நிறுவன ஊழியர், விழுப்புரம்

பதில்: வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது, தம்பி. அட்டையைக் கழற்றுவதால் மனம் மாறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். டெல்லி வட்டாரத்தில் ஆய்வாளர்கள் வெவ்வேறு சமூகப் பெயர்களுடன் வீடு கேட்டுப் பார்த்தபோது, தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் கொண்டவர்கள் கூடுதலாக மறுக்கப்பட்டார்கள் என்பது 2015-இல் வெளியான ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஆகவே விளம்பரத் தடையோடு நின்றுவிட்டால், அதனால் வரும் அலைச்சல் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். உங்களை வாசல் வரை வரவழைத்து அவமதிக்கும் ஏற்பாட்டுக்கு நான் பரிந்து பேச மாட்டேன். அறிவிப்பைத் தடுக்கும் சட்டம், மறுப்பையும் சேர்த்தே தடுக்க வேண்டும். வீட்டுக்காரர் உடன் குடியிருந்து அடுப்பையும் கூடத்தையும் பகிரும் அறைகளுக்கு மட்டும் தேர்வில் விலக்கு இருக்கலாம், அந்த விலக்கும் சாதிக்குப் பொருந்தக் கூடாது.

ஆனால் எழுதிவைப்பதே மேல் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நூறு வீட்டுக்காரர்களில் சிலர் உறுதியாக மறுப்பார்கள், சிலர் உறுதியாக ஏற்பார்கள். நடுவே உள்ள பெரும்பாலோர் அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்று தயங்குகிறவர்கள்; அட்டைகள் பேசாத தெருவில் அவர்களுடைய தயக்கம் குறையும். உங்களுக்கு வீடு தரக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இணையத் தளங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அமெரிக்காவில் அறைத் தோழர்களை இணைக்கும் ஒரு தளம், பாலினம், பாலீர்ப்பு, குழந்தை உண்டா என்ற கேள்விகளுக்குப் பதில் தந்தால்தான் உள்ளே வர முடியும் என்று வைத்திருந்தது. பிறர் எழுதியதை வெளியிடுகிறவர் மட்டும்தான் நாங்கள் என்று அது வாதிட்டபோது, கேள்வியை அமைத்ததே நீங்கள் என்பதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஒரே வீட்டுக்குள் உடன் வாழ்பவரைத் தேர்ந்தெடுப்பதை வீட்டுவசதிச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று அதே நீதிமன்றம் 2012-இல் தளத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து வழக்கு முடிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நம் ஊரில் முழு வீடுகளுக்கான விளம்பரங்களையே உணவுப் பழக்கத்தை வைத்து வடிகட்டித் தேடும் வசதியைச் சில தளங்கள் வைத்திருக்கின்றன. அந்தக் கட்டத்தை வரைந்தவர் வீட்டுக்காரர் அல்லர்.

உங்களுக்கு இன்றைக்கே பயன்படக்கூடிய ஒன்றும் இருக்கிறது. தீண்டாமைக் கொடுமையைத் தண்டிக்கும் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டில் வசிப்பதைத் தீண்டாமையின் காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 7-ஆவது பிரிவு, எழுத்தாலோ அடையாளத்தாலோ தீண்டாமையைத் தூண்டுவதைத் தண்டிக்கிறது. 12-ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கு எதிராக அத்தகைய செயல் நடந்திருந்தால், அது தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்தவரைச் சேரும். வாடகை வீட்டுக்காக இந்தப் பிரிவுகளைக் கையிலெடுப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அடுத்த முறை சாதி குறித்த அட்டையையோ விளம்பரத்தையோ கண்டால், தெருப் பெயர் தெரியுமாறு படமெடுத்து, தேதியையும் பேசிய எண்ணையும் குறித்து வையுங்கள். தொலைபேசியில் மறுத்தால், வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அதற்கு வரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். புகாரைக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதன் நகலை மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்துக்கு அனுப்புங்கள். புகாரை எழுதுவதில் உதவி தேவைப்பட்டால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமின்றிக் கிடைக்கும்.